செவ்வாய்க்கிழமை வரை

தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் ஜன்னலிலிருந்து வாசல் கதவுவரை நடந்தான். கதவைத் தொட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினான். வருடக் கடைசி விடுமுறை. கீழே தெருவில் பெட்டியும் பையுமாக ஊரே எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது.

“உக்காரு மாப்ள,” என்றார் அத்தான், அக்காவின் கணவர். “தரை தேயுது.”

“இப்பதான் உக்காந்திருந்தேன்.”

“எப்போ? போன வருஷமா?”

அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பதைத் தொடப்போகும் வயது. உட்கார்ந்து செய்கிற வேலை அவனுக்கு வாய்த்ததில்லை. வாய்த்திருந்தாலும் நிலைத்திருக்க மாட்டான். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பான். காலில் சக்கரத்தோடு பிறந்தவன் என்பாள் அக்கா. வேலையிடத்தில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. இந்த வீட்டில் தம்பிதான். அக்கா கூப்பிடுவதைக் கேட்டு எதிர் ஃபிளாட்காரரும் அப்படியே கூப்பிட்டார்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவனுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து அக்காவுக்கு வைக்கப் போகிறார்கள்.

அக்காவின் இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மற்ற நாட்களில் களைப்பு. ஊசி குத்துவதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அது இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இனி இழுத்தடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோதனைகளில் பொருந்தியது தம்பிதான். கேட்டதும் சரி என்றான். யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் இவற்றை ஏற்பாடு செய்கிற கோஆர்டினேட்டர் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “லீவு நேரம். எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போவாங்க, வருவாங்க. கண்டதையும் சாப்பிடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்கணும். சளி, காய்ச்சல், பல்வலி, சின்ன வெட்டுக்காயம், எதுவா இருந்தாலும் உடனே எனக்கு ஃபோன் பண்ணணும். ஆபரேஷனுக்காக அக்காவோட எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கப் போறோம். உங்களுக்கு ரெண்டு நாள்ல போயிடற காய்ச்சல் அவங்களைத் தூக்கிட்டுப் போயிடும்.”

“ஒண்ணும் வராது மேடம்,” என்றார் அத்தான். “நான் இருக்கேன்ல.”

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழக்கதோஷத்தில் அந்த பிரேக் அவருக்கு எங்கே உட்கார்ந்தாலும் இருந்தது. யாராவது செய்யக் கூடாததைச் செய்யப் போனால் அவருடைய கால் தானாகத் தரையை மிதிக்கும். தம்பி வறுவல் பாக்கெட்டுக்குக் கை நீட்டினால் மிதித்தார். ஜன்னலைத் திறந்தால் மிதித்தார். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியபோது இரண்டு காலாலும் மிதித்தார்.

“அத்தான், நான் முப்பது மாடி உயரத்துல லிஃப்ட் கூரை மேல நின்னு வேலை பாக்கறவன்.”

“அது அப்போ. இப்ப உள்ள இருக்கறது என் பொண்டாட்டி கிட்னி. உன்கிட்ட வாடகைக்கு இருக்கு. செவ்வாய்க்கிழமை காலி பண்ணித் தரணும். சுவத்துல ஒரு ஆணி அடிச்சிருக்கக் கூடாது.”

கடைசி நேரத்தில் நெரிசலான பஸ்ஸில் ஏறி எவனிடமாவது எதையாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்று, தம்பியை மனைவி மகளோடு விடுமுறை தொடங்கும்போதே வரவழைத்திருந்தார். நெற்றிக்கு நேரே நீட்டினால் சூட்டைக் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கியிருந்தார். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். காலையில் பல் துலக்கி வந்ததும் வரிசையாக நிற்க வேண்டும். அக்கா, தம்பி, தம்பி மனைவி, பள்ளிக்குப் போகிற மகள். பால் பாக்கெட் போட வந்தவரையும் சுட்டார். தன் நெற்றியில் மட்டும் வைத்துக்கொண்டதில்லை.

பார்க்க வந்த உறவுக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த கேக்கை மட்டும் உள்ளே விட்டார்.

“இது அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது,” என்று சொல்லிக்கொண்டே தானே வெட்டித் தின்றார்.

“உங்களுக்கு மட்டும் ஆகுமா மாமா?” என்றாள் தம்பியின் மகள்.

“எனக்கு எடுக்க வெக்க ஒண்ணும் இல்லையே.”

தம்பி நடந்தான். நடக்கும்போது கட்டடத்தின் லிஃப்ட் போகிற சத்தம் கேட்கும். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது லேசாக உரசியது. எங்கே உரசுகிறது என்று அவனுக்குத் தெரியும். திருகி எடுத்துத் துடைத்து மறுபடி பூட்டினால் சரியாகிவிடும். கை பரபரத்தது. விடுமுறையில் வேறு எந்த மெக்கானிக்கும் வர மாட்டான். ஒவ்வொரு முறை அது உரசும்போதும் அவன் நின்றான். அத்தான் அவனைப் பார்த்தார். அவன் மறுபடி நடந்தான்.

நிற்காமல் நடந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நின்றால் பயம் வந்தது.

அதை வெளியே சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. பஞ்சு. கல்யாணமான புதிதில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனான். மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சை வைத்துவிட்டு டாக்டர் உள்ளே கருவி எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. வாயில் பஞ்சோடு, ஒரு பக்கம் உதடு தொங்க, மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி நின்றவனை அத்தான்தான் காரில் ஏற்றி வந்தார். அன்றிலிருந்து பஞ்சு. சிறுநீரகம் தருகிறேன் என்று அவன் சொன்ன அன்றுகூட அத்தான் கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “பஞ்சு, இந்தத் தடவ டாக்டர்கிட்ட சொல்லி உன்னைக் கட்டி வெக்கச் சொல்றேன்,” என்றுதான் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் பிறந்த வீட்டுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. உடம்புக்கு வந்ததை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். காய்ச்சல் என்றால் தூக்கமில்லை. சளி என்றால் தூசி. அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது ஃபேனில் காற்றே வரவில்லை என்றார். ஃபேனை மாற்றினார்கள். புது ஃபேன் நன்றாகச் சுற்றியது, அப்பாதான் இல்லை. அக்காவுக்குக் கால் வீங்கியபோது செருப்பு சரியில்லை என்றாள். செருப்பு மாற்றினாள். பிறகு பெரிய அளவில் ஒன்று. எட்டு மாதம் செருப்பாகவே மாற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கல்யாணம் ஆகி வந்ததில் அத்தானுக்கும் இது தொற்றிக்கொண்டது.

தம்பி மனைவிக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. “எங்க வீட்ல ஒரு தும்மல் போட்டாலே நாலு தெருவுக்குக் கேக்கும்படி சொல்லுவோம்,” என்பாள். “இங்க என்னடான்னா எல்லாருக்கும் செருப்புலயும் ஃபேன்லயும்தான் வியாதி.”

வெள்ளிக்கிழமை அத்தான் தும்மினார். தொடர்ந்து இன்னொன்று.

“என்ன அண்ணா, சளியா?” என்றாள் தம்பி மனைவி.

“தூசி. பரண்ல பெட்டியை எடுத்தேன்ல.”

“பெட்டி எடுத்து நாலு நாளாச்சே.”

“பழைய தூசி.”

விடுமுறைக்கு முன் கடைசியாக வந்த மாணவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர் முகத்துக்கு நேரே இருமிக்கொண்டே வண்டி ஓட்டினான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தும்மியபின் முகக்கவசத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “மாப்ள, கையைக் கழுவினியா?” என்றார்.

சனிக்கிழமை காலை தம்பிக்குக் கண் விழிக்கும்போதே உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. முதுகில் குளிர் ஏறியது. போர்வைக்குள் தன் கையைத் தானே தொட்டுப் பார்த்தான். சுட்டது.

முதலில் வந்தது நிம்மதி.

அப்பாடா என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை இல்லை. யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் ஓடவில்லை, காய்ச்சல்தான் வந்தது. ஒரு வாரமாகக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டால் என்ன என்றுகூட நினைத்திருந்தான். இப்போது எதையும் உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த நொடி சந்தேகம் வந்தது. இப்படி நிம்மதியாக இருக்கிறதே, இது காய்ச்சல்தானா? இல்லை, பஞ்சா? பயத்தில் உடம்பு தானே சூடேற்றிக்கொண்டுவிட்டதா? கூடத்துக்குப் போய், எனக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அத்தான் எப்படிப் பார்ப்பார் என்று அவனுக்குத் தெரியும். அக்கா பார்க்கவே மாட்டாள். தலையைக் குனிந்துகொள்வாள். அது இன்னும் மோசம்.

ஓடவில்லை என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. சொல்லாமல் இருப்பது.

கைப்பையில் இருந்த பாராசிட்டமாலை விழுங்கினான். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் துண்டை நனைத்து நெற்றியில் ஒற்றினான். பல் கிட்டியது. மறுபடி ஒற்றினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

அத்தான் துப்பாக்கியை நீட்டினார். பார்த்தார். தட்டிப் பார்த்தார். மறுபடி நீட்டினார்.

“மாப்ள, நீ உயிரோட இருக்கியா?”

“ஏன்?”

“இதுப்படி நீ செத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பேட்டரி போயிருக்கும்,” என்றான் தம்பி. அத்தானுக்கு அவசரம். அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். துப்பாக்கியை ஸ்டூலில் போட்டுவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தும்மலை விழுங்கிக்கொண்டு படி இறங்கினார்.

“என்னங்க, கண்ணு செவந்திருக்கு,” என்றாள் மனைவி.

“தூக்கமில்ல.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். “ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள். அதற்குள் பால் பொங்கிவிட்டது. உள்ளே ஓடினாள்.

அக்கா மதியம் திரும்பி வந்தாள். அத்தான் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தார். அவர் பகலில் படுத்து அந்த வீடு பார்த்ததில்லை. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனாள்.

தம்பி சோபாவின் ஓரத்தில் இருந்தான். மாத்திரையின் வேலை முடிந்துகொண்டிருந்தது. காலை மடக்கி, கையைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு இருந்தான். லிஃப்ட் மூன்றாவது மாடியில் உரசியது. அவன் தலையைத் தூக்கவில்லை.

அக்கா தன் தண்ணீர் பாட்டிலோடு சமையலறையிலிருந்து வந்தாள். சின்ன பாட்டில். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். ஒரு வாய் எடுத்து விழுங்காமல் கன்னத்துக்குள் வைத்துக்கொள்வாள். அப்படி வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

“என்னடா, உக்காந்திருக்க?”

“சும்மாதான்.”

“சும்மா உக்கார்ற ஆளா நீ?”

“நடந்தாலும் தப்பு, உக்காந்தாலும் தப்பா?”

“உன்னை இப்படி உக்கார வெச்சுப் பாக்கணும்னு அம்மா சாகறவரைக்கும் ஆசைப்பட்டா.” பக்கத்தில் வந்தாள். கையை நீட்டினாள்.

“கிட்ட வராத!”

கத்தியே விட்டான். அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. அவன் சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்து சட்டைக் காலரை இழுத்து வாயை மூடிக்கொண்டான்.

“அப்படிப் போய் உக்காருக்கா. ஜன்னல் பக்கம்.”

அக்கா ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“எப்போலேர்ந்து?”

“காலையிலேர்ந்து.”

“அவர் சுட்டப்போ ஒண்ணும் காட்டலையே.”

“ஐஸ் தண்ணி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண் சுருங்கியதில் தெரிந்தது. பிறகு அது போய்விட்டது. “ஏன்டா சொல்லல?”

“சொன்னா பஞ்சு மறுபடி ஓடிட்டான்னு சொல்லுவீங்க.”

“ஓடணும்னு இருக்கா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “இருக்கு. ஒரு வாரமா இருக்கு. காலையில உடம்பு சுட்டப்போ அப்பாடான்னு இருந்துது. அதனாலதான் வாயைத் திறக்கல.”

அக்கா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவனையே பார்த்தாள். இப்போது கோஆர்டினேட்டரைக் கூப்பிடச் சொல்வாள் என்று காத்திருந்தான். அவள்தான் சொல்ல வேண்டும். எட்டு மாதம் செருப்பு மாற்றியவள்.

“மாத்திரை போட்டா இறங்குதா?” என்றாள்.

“இறங்குது.”

“நாளைக்குச் சாயங்காலம்தான அட்மிட். அதுக்குள்ள சரியாயிடும்.”

“அக்கா.”

“ஒரு நாள் காய்ச்சலா இருக்கும். தூக்கமில்லாததுனாலகூட இருக்கும்டா. ஒரு வாரமா நீ எங்க தூங்கின?”

அவன் அவளை நம்ப முடியாமல் பார்த்தான். அவள் பார்வை நழுவி மடியில் இருந்த பாட்டிலுக்குப் போயிற்று.

“உனக்கு இது ஆகாதுன்னு அந்தம்மா சொன்னாங்களே. நீயும்தான கேட்டுட்டு இருந்த.”

“கேட்டேன். எல்லாம்தான் கேட்டேன்.” குரல் உயர்ந்தது. உள்ளறைக்குக் கேட்டுவிடும் என்று உடனே தணிந்தது. “ஒரு டம்ளர் தண்ணிடா. வழிய வழிய ஊத்தி, நின்னுக்கிட்டே, ஒரே மூச்சுல. கனவுல அதைத்தான் குடிக்கறேன். குடிச்சுட்டு முழிச்சுக்கறேன். செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமைன்னு உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இந்தக் கை இன்னொரு தடவ அடைச்சுக்கிட்டா வேற எங்க குத்துவாங்க? நீ இப்பச் சொன்னா தள்ளிப் போடுவாங்க. எப்போன்னு யாரு சொல்லுவா? அதுக்குள்ள உனக்கு மனசு மாறிடுச்சுன்னா?”

பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

“நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்,” என்றாள் அக்கா. கெஞ்சுவது போல இருந்தது. அவள் யாரிடமும் கெஞ்சி அவன் பார்த்ததில்லை. “நீ பயந்தாங்கொள்ளி இல்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். காய்ச்சலோட வந்து படுத்தான் என் தம்பின்னு சொல்லுவேன்.”

“யார்கிட்ட சொல்லுவ? நீ இருந்தாத்தானே சொல்லுவ.”

எழுந்தான். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஃபோனை எடுத்தான்.

“வெக்கடா அதை.”

பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். அக்கா எழுந்து வந்து உள்பக்கம் நின்றாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தட்டினாள். ஓங்கித் தட்டவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பது போலத் தட்டினாள். அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. எடுத்துவிட்டார்.

பின்னால் குழந்தைகள் சத்தம், பாட்டுச் சத்தம். அங்கேயும் விடுமுறை.

“மேடம், நான் டோனர் பேசறேன். செவ்வாய்க்கிழமை. எனக்குக் காய்ச்சல்.”

அந்தச் சொல்லை அவன் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்றோ. இவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தது.

பாட்டுச் சத்தம் தள்ளிப் போயிற்று. “எவ்வளவு இருக்கு?”

“சரியாத் தெரியல. வீட்ல இருக்கற மெஷினை நானே காலையில ஏமாத்திட்டேன்.”

“மாத்திரை?”

“பாராசிட்டமால். ஒண்ணுதான். வலி மாத்திரை எதுவும் போடல.”

“வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

“யாருக்கும் இல்ல.”

உள்ளறையிலிருந்து அத்தானின் தும்மல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

“அது யாரு?” என்றார் அந்தம்மா.

தூசி என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான். “அத்தான். நேத்துலேர்ந்து இருக்கு. அக்காவை அவர்தான் கார்ல கூட்டிட்டுப் போனாரு.”

அந்தம்மா பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. “சரி. செவ்வாய்க்கிழமை கிடையாது. டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்களும் அத்தானும் இப்பவே தனியா ஒரு ரூமுக்குப் போங்க. சாயங்காலம் ஆள் அனுப்பறேன், எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும். அக்காவுக்குத்தான் முதல்ல.”

“அடுத்த தேதி எப்போ மேடம்?”

“இப்பச் சொல்ல முடியாது.”

“நான் ஓடல மேடம்.”

“ஓடினீங்கன்னு யாரு சொன்னா?”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா இல்லை. அவள் உள்ளங்கை வைத்த இடத்தில் ஆவி படிந்து, ஓரத்திலிருந்து மறைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீடு இரண்டுபட்டது. அத்தான் தலைமுடி கலைந்து கூடத்துக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

“ரெண்டு நாள். ரெண்டே நாள் தாக்குப்பிடிக்க முடியலையா பஞ்சு உன்னால? வாசலைப் பூட்டினேன், ஜன்னலைப் பூட்டினேன், பால்காரனைச் சுட்டேன். எங்கேர்ந்துடா பிடிச்ச?”

துணி வாளியோடு உள்ளே வந்த தம்பி மனைவி வாளியை டங்கென்று வைத்தாள். “அண்ணா, முதல்ல உங்க மூக்கைத் துடைங்க. அப்புறம் அவரைக் கேளுங்க.”

அத்தான் கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. அதற்குள் தம்பி மகள் துப்பாக்கியை எடுத்து, எட்டிக் குதித்து, அவர் நெற்றிக்கு நேரே நீட்டிவிட்டாள்.

“மாமா, செவப்பு லைட் எரியுது.”

சாயங்காலம் வந்தவர் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டுப் போனார். காலையில் முடிவு வந்தது. அத்தானுக்கும் தம்பிக்கும் ஒரே காய்ச்சல், ஒரே கிருமி. மற்றவர்களுக்கு இல்லை. அக்காவுக்கு இல்லை. அதைக் கேட்டபோது சின்ன அறையில் கிடந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு பாய், துணி தேய்க்கும் மேஜை. மனைவி சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துத் தட்டிவிட்டுப் போவாள். தம்பி பாயிலிருந்து எழுந்து நடக்கப் பார்த்தான். இரண்டே அடியில் மேஜை இடித்தது. படுத்தான். மறுபடி எழுந்தான். அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெளியே அக்காவின் குரல் கேட்கும். மகளிடம் பேசினாள், மனைவியிடம் பேசினாள். இந்தக் கதவுப் பக்கம் அந்தக் குரல் வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் செருப்புச் சத்தம். அக்காவும் தம்பி மனைவியும் வாடகைக் காரில் டயாலிசிஸுக்குக் கிளம்பினார்கள். லிஃப்ட் வந்தது, கதவு மூடியது, இறங்கிப் போயிற்று. இந்த நேரத்துக்கு அவனை மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருப்பார்கள். அவன் கை தானாக விலாவுக்குக் கீழே போயிற்று. பயம் அங்கேயே இருந்தது. காய்ச்சலோடு அது போகவில்லை. நிம்மதிதான் போயிருந்தது.

“மாப்ள,” என்றார் அத்தான், சுவரைப் பார்த்தபடி.

“ம்.”

“அது தூசி இல்ல.”

“தெரியும் அத்தான்.”

“அந்தப் பையன் இருமும்போதே இறக்கி விட்டிருக்கணும். கடைசி கிளாஸ், போகட்டும்னு விட்டுட்டேன்.” திரும்பிப் படுத்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “நீ ஃபோன் பண்ணலன்னா, ஞாயித்துக்கிழமை அட்மிட்டுக்கும் நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பக்கத்துல உக்கார வெச்சு. கண்ணாடி ஏத்தி விட்டு. குளிரும்னு.”

போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி பாயில் எழுந்து உட்கார்ந்தான். என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீரை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் குடித்தார். டம்ளர் நிறைய. குடித்து முடித்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அத்தான் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

விடுமுறை முடிந்தது. தெருவில் பள்ளி வண்டிகள் ஓடத் தொடங்கின. காய்ச்சல் இறங்கியது, இருமல் கொஞ்சம் தங்கியது. மறுபடி குச்சி, மறுபடி இரத்தம். தம்பி அந்தச் சின்ன அறையில் நடக்கப் பழகிவிட்டான். மேஜை வரை போய், பக்கவாட்டில் திரும்பி, கதவு வரை. ஃபோன் கையிலேயே இருந்தது. அது சும்மா இருக்கும்போதே எடுத்து எடுத்துப் பார்த்தான்.

அடித்தபோது நழுவவிட்டான். அத்தான் கட்டிலிலிருந்து பாய்ந்து எடுத்துக் கொடுத்தார்.

“சொல்லுங்க மேடம்.”

வெளியே கூடத்தில் டிவி நின்றது. யாரோ வேண்டுமென்றே நிறுத்தினார்கள்.

“ஆமா மேடம். இல்ல, இருமல் இல்ல. இருக்கு, கொஞ்சம் இருக்கு. காலையில மட்டும்.” கேட்டான். “சரி.” மறுபடி கேட்டான். விலாவுக்குக் கீழே என்னவோ இழுத்துப் பிடித்தது. வேண்டாம் என்று சொல்ல இதுதான் இடம். அந்தம்மாகூட அதைத்தான் கேட்டார். மனசில் எந்த மாற்றமும் இல்லையே, இருந்தா இப்பவே சொல்லலாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, டாக்டர் பொருந்தலன்னு மட்டும் சொல்லிடுவாரு.

அத்தான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“பயம் இருக்கு மேடம்,” என்றான் தம்பி. “மாற்றம் இல்ல.”

ஃபோனை வைத்தான். கதவுக்கு வெளியே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. யார் என்று கேட்கத் தேவையில்லை. ஒரு வாரத்துக்கும் மேலாக அந்தக் கதவுப் பக்கம் வராதவள்.

கதவில் வாயை வைத்துத் தேதியைச் சொன்னான்.

அவன் காத்திருந்தான். கால் மாற்றி நின்றான்.

“திரும்பச் சொல்லு,” என்றாள் அக்கா.

சொன்னான்.